பக்கத்தில் உட்கார்ந்து தனியாக விளையாடும் 2 வயது மகள்: சேர்த்துவிட வேண்டுமா, விட்டுப் பார்க்க வேண்டுமா?

தெப்பக்குளத்து அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 2 வயது நெருங்குகிறது. வெயில் தாழ்ந்ததும் எங்கள் குடியிருப்பில் சின்னப் பிள்ளைகள் எல்லாரும் கீழே இறங்கிவிடுவார்கள். கட்டட வேலையில் மிஞ்சிய மணல் ஒரு மூலையில் கிடக்கிறது. சறுக்கு, ஊஞ்சல் எல்லாம் இருந்தாலும் இந்த வயதுப் பிள்ளைகள் போய் விழுவது அந்த மணலில்தான்.

அங்கே நான் பார்ப்பதைச் சொல்கிறேன். எதிர்வீட்டுப் பையன் இவளைவிடச் சில மாதம் மூத்தவன். அவனுக்கு ஒரு கை தூரத்தில் போய் இவள் உட்காருவாள். அவன் டம்ளரில் மணல் அள்ளுவான், இவளும் அள்ளுவாள். அவன் கவிழ்த்துத் தட்டினால், கொஞ்ச நேரம் கழித்து இவளும் கவிழ்த்துத் தட்டுவாள். பேச்சே கிடையாது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதுகூட அபூர்வம். ஆனால் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனால் இவள் கை நின்றுவிடும். அவன் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் திரும்பி வந்ததும் மறுபடி அள்ள ஆரம்பிப்பாள்.

என் அத்தைக்கு இதில் பெரிய கவலை. "பிள்ளை யாரோடயும் ஒட்ட மாட்டேங்குதே, வீட்டுக்குள்ளயே வச்சு வளர்த்தா இப்படித்தான்" என்கிறார். கீழே வரும் மற்ற அம்மாக்களும் நல்ல எண்ணத்தில்தான், "போ பாப்பா, அண்ணன்கூடச் சேர்ந்து விளையாடு" என்று கையைப் பிடித்து அவன் பக்கம் தள்ளுகிறார்கள். உடனே எழுந்து என் மடிக்கு ஓடி வந்துவிடுகிறாள். அன்றைக்கு அதோடு விளையாட்டு முடிந்தது.

எனக்கென்னவோ அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் விளையாடுகிறார்கள் என்று படுகிறது. பெரியவர்கள் சேர்வது மாதிரி இல்லை, அவ்வளவுதான். உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் என்ன பார்த்தீர்கள்? விட்டுவிடலாமா, நாமே கொஞ்சம் சேர்த்துவிட வேண்டுமா?

ஆனையூர் அப்பா:

விட்டுவிடுங்கள் சகோதரி. எங்கள் வீட்டில் என் மகனும் அண்ணன் மகனும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரே பாயில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவன் காரை உருட்டி ஒரு சத்தம் போடுவான். நாம் மறந்தே போயிருப்போம், அப்புறம் அடுத்தவனிடமிருந்து அதே சத்தம் வரும். பகல் முழுக்க இப்படித்தான். ஆனால் ராத்திரி படுக்கப் போகும்போது என் மகன் அவன் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறான். ஒட்டாத பிள்ளை எதற்குத் தேடப் போகிறது?

மேலூர்ப் பக்கத்து பால்வாடி டீச்சர்:

தங்கச்சி, நான் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சர். எங்களிடம் 2 வயதிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள். நீங்கள் எழுதியதை நான் வருஷா வருஷம் ஜூன் மாதம் பார்க்கிறேன்.

புதுப் பிள்ளை முதலில் வாசலை ஒட்டி உட்காரும். அப்புறம் சுவரோரம். கையில் எதைக் கொடுத்தாலும் சும்மா பிடித்துக்கொண்டிருக்கும், கண் மட்டும் மற்றப் பிள்ளைகள் மேலேயே இருக்கும். வந்து பார்க்கிற அம்மா, "ஒண்ணுமே செய்யாம உக்காந்திருக்கே டீச்சர்" என்று கண் கலங்குவார். அதே பிள்ளையின் அப்பத்தா அடுத்த வாரம் வந்து, நாங்கள் இங்கே பாடுகிற பாட்டைக் கையசைவோடு வீட்டில் பாடுகிறது என்பார். இங்கே அது வாயைத் திறந்திருக்காது. பார்த்தது எதுவும் வீணாகவில்லை. உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

சுவரை விட்டு அது எப்போது நகரும் என்பது நாம் தரையில் என்ன போட்டிருக்கிறோம் என்பதையும் பொறுத்தது. ஒரு சிவப்புப் பந்தை நடுவில் போட்டால் சண்டைதான் வரும். கொட்டாங்குச்சி, மரக்கரண்டி, பழைய டப்பா மூடி, இப்படி ஒரே மாதிரி நிறையக் கிடந்தால் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அவளுக்கும் கொட்டாங்குச்சி, இவனுக்கும் கொட்டாங்குச்சி, அவன் தட்டினால் இவளும் தட்டுவாள். உங்கள் மணலும் அப்படித்தான், எத்தனை பேர் அள்ளினாலும் தீராது. அதனால்தான் சறுக்கை விட்டுவிட்டு அங்கே போகிறார்கள்.

ஒன்று மட்டும். 3 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் கைக்குப் புளியங்கொட்டை, பொத்தான், கோலிக்குண்டு வேண்டாம். வாயில் போடும், மூக்கில் திணித்துக்கொள்ளும். குன்றிமணி வீட்டிலேயே இருக்கக் கூடாது, அது விஷம்.

கையைப் பிடித்துத் தள்ளுவதைப் பற்றிக் கேட்டீர்கள். தள்ள வேண்டாம். நீங்கள் போய் மணலில் உட்காருங்கள், அவளுக்குத் தெரிகிற தூரத்தில். பேச வேண்டாம். "ஐ, சூப்பர்" என்று கை தட்டவும் வேண்டாம். தட்டினால் அவள் மணலை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

திருமங்கலத்துத் தாத்தா:

எல்லாரும் "விட்டுவிடுங்கள்" என்கிறீர்கள். நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர் மந்தையில் 2 வயதுப் பிள்ளையை இன்னொரு 2 வயதுப் பிள்ளையோடு யாரும் கொண்டுபோய் உட்கார வைத்ததில்லை. அது அக்கா இடுப்பில் இருக்கும். அக்கா பாண்டி ஆடும்போது இறக்கிவிடுவாள், கோட்டுக்கு ஓரமாக நிற்கும். கிட்டிப்புள் ஆடுகிற அண்ணன்மார் தூரப் போ என்று விரட்டுவார்கள். கொஞ்ச நாளில் புள்ளைப் பொறுக்கிக் கொடுக்கிற வேலை கிடைக்கும். இப்படித்தான் உள்ளே வந்தோம்.

இன்றைக்குச் சின்னதை எல்லாம் சின்னதோடு மட்டும் விடுகிறீர்கள். பெரிய பிள்ளைகள் டியூஷன், கராத்தே என்று போய்விடுகிறார்கள். இந்தக் குழந்தை யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்? குழந்தையிடம் குறை இல்லை அம்மா. ஆனால் 5 வயது, 7 வயதுப் பிள்ளைகள் இருக்கிற இடத்துக்கு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். அந்த அளவுக்குச் சேர்த்துவிடத்தான் வேண்டும்.

மேலூர்ப் பக்கத்து பால்வாடி டீச்சர்:

அய்யா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எங்களிடம் 5 வயசுக்காரிகள் வீடு வைத்து விளையாடும்போது புதிதாக வந்த சின்னதைத்தான் "பாப்பா" ஆக்குவார்கள். மடியில் போட்டு வெறும் கொட்டாங்குச்சியிலிருந்து சோறு ஊட்டுவார்கள். இந்தச் சின்னதுக்குத் தான் ஒரு விளையாட்டில் இருக்கிறோம் என்றே தெரியாது. வாயை மட்டும் திறந்து திறந்து காட்டும். அந்தப் பெரிய பிள்ளைக்கு இருக்கிற பொறுமை எனக்கு வராது.

புதூர் பேச்சுப் பயிற்சியாளர்:

இந்த இழையைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1920-களின் கடைசியில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் உட்கார்ந்து, பிள்ளைகள் தங்கள் பாட்டுக்கு விளையாடுவதைக் கவனித்தார். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, ஒரு நிமிடம், குறிப்பு. இப்படி நாள் கணக்கில் சேர்த்தார். 1932-ல் வெளியான கட்டுரையில் தான் கண்டதை ஆறு விதமாகப் பிரித்தார்: எதிலும் இல்லாமல் இருப்பது, தனியாக விளையாடுவது, வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் இருந்து தன்பாட்டுக்கு விளையாடுவது, பேசிக் கொடுத்து வாங்கி விளையாடுவது, ஆளுக்கொரு வேலை பிரித்துக் கூட்டாக விளையாடுவது. நம் தெப்பக்குளத்துப் பாப்பா செய்வது நான்காவது. இணை விளையாட்டு என்பார்கள். டீச்சரம்மாவின் சுவரோரப் பிள்ளை மூன்றாவது.

இதைப் படிக்கட்டு மாதிரி எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறிவிட வேண்டும் என்று பலரும் நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. 1980-ல் பேக்மன், பிரவுன்லீ இருவரும் 3 வயதை ஒட்டிய பிள்ளைகளைக் கவனித்து எழுதினார்கள். ஒரு பிள்ளை கூட்டத்துக்குள் போவதற்கு முன்னால் பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்ய ஆரம்பிக்கிறது, அப்புறம்தான் உள்ளே நுழைகிறது. அதாவது, பக்கத்தில் உட்காருவதுதான் அந்தப் பிள்ளை உள்ளே வருகிற வழி. தாத்தா சொன்ன, கோட்டோரம் நின்று பிறகு புள்ளைப் பொறுக்கிக் கொடுத்த பிள்ளையும் இதே வழியில்தான் வந்தது.

கையைப் பிடித்துத் தள்ளும்போது அந்த வழியை நாம் பறித்துவிடுகிறோம். அவள் தன் வேகத்தில் அளந்து வைத்த ஒரு கை தூரத்தை நாம் இல்லாமல் ஆக்குகிறோம். அவள் மடிக்கு ஓடி வராமல் என்ன செய்வாள்?

அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சிடிசி 2022-ல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில், மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் விளையாடுவதையும் சில நேரம் சேர்ந்து விளையாடுவதையும் 30 மாதத்தில் எதிர்பார்ப்பதாக வைத்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகளைக் கவனித்துத் தானாகப் போய்ச் சேர்வது 3 வயதில்தான் வருகிறது. உங்கள் மகளுக்கு இன்னும் 2 முடியவில்லை.

வில்லாபுரம் இரட்டையர் அம்மா:

எங்கள் வீட்டில் சத்தமில்லாமல் பக்கத்தில் உட்காருவது எல்லாம் கொஞ்ச நேரம்தான். அப்புறம் ஒன்று பிடுங்கும், இன்னொன்று கடிக்கும். இரண்டுக்கும் 2 வயது தாண்டிவிட்டது. "தம்பிக்குக் கொடு, நல்ல பிள்ளைல" என்று இப்போதே பழக்காவிட்டால் நாளைக்கு எப்படி வரும்? நான் பிடுங்கிய கையிலிருந்து வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். விட்டுப் பார்க்கச் சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஆனையூர் அப்பா:

பிடுங்கினவனிடமிருந்து நாம் பிடுங்கினால் அவன் கற்றுக்கொள்வது பிடுங்குவதைத்தானே அக்கா?

வில்லாபுரம் இரட்டையர் அம்மா:

அப்படியென்றால் கடித்த தடத்தோடு நிற்கிற பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வது, தம்பி? பேசுவது சுலபம். ஒரு நாள் இரண்டையும் வைத்துக்கொண்டு பாருங்கள்.

புதூர் பேச்சுப் பயிற்சியாளர்:

இரண்டு பேர் சொல்வதிலும் பிடித்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. கடித்தால் உடனே நடுவில் போக வேண்டும். அதில் விட்டுப் பார்ப்பது என்ற பேச்சே இல்லை. கடிபட்ட பிள்ளையை முதலில் தூக்குங்கள். கடித்ததிடம் "கடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று ஒரே வரி. நீண்ட பிரசங்கம் அந்த வயதில் ஏறாது.

பொருளுக்காக நடக்கிற பிடுங்கல் வேறு. மூக்கில் பொட்டு வைத்துக் கண்ணாடி முன்னால் நிறுத்தினால், பெரும்பாலும் 18 மாதத்துக்கு மேல்தான், பல பிள்ளைகள் 2 வயதை ஒட்டித்தான், கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கைத் தொடுகிறார்கள். தான் என்று ஒருத்தி இருக்கிறாள் என்று பிடிபடுகிற வயது இது. "என்னுது" என்று இறுக்கிப் பிடிப்பதும் அதோடு சேர்ந்துதான் வருகிறது. அதைக் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்யக்கூடியது இரண்டு: டீச்சரம்மா சொன்ன மாதிரி ஒரே பொருளில் இரண்டு வாங்குங்கள். பிடுங்கல் வந்தால், "அவன் வச்சிருக்கான், முடிச்சதும் உனக்கு" என்று சொல்லி, முடித்ததும் கட்டாயம் காத்திருந்த பிள்ளை கைக்கு வர வையுங்கள். சொன்னது நடக்கிறது என்று பார்த்தால்தான் காத்திருக்கப் பழகும்.

விளாச்சேரிக்காரர்:

எங்கள் ஊரில் மண்பொம்மை வேலை. நவராத்திரிக்கு முந்தின மாதங்களில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் கொலு பொம்மை காய்ந்துகொண்டிருக்கும். நடக்கத் தெரிந்த பிள்ளை எல்லாம் அப்பத்தா பக்கத்தில்தான் கிடக்கும். வேலைக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது என்பதற்காக ஆளுக்கு ஓர் உருண்டை களிமண் கொடுத்துவிடுவோம். அண்ணன் தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொன்றும் தன் உருண்டையைத் தட்டிக்கொண்டிருக்கும். பேச்சு இருக்காது. அப்பத்தா அச்சில் மண்ணை அமுக்குகிற மாதிரியே ஒரு சின்னது கட்டைவிரலை வைத்து அமுக்கும். அதைப் பார்த்து அடுத்தது அமுக்கும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

பெரியவர்கள் நாங்களும் அப்படித்தான் வேலை செய்கிறோம். பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பொம்மைக்கு அவரவர் வர்ணம் அடிப்போம். தனியாக இருக்கிறோம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. வர்ணம் மட்டும் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்துவிடுவோம்.

விளாங்குடி:

நீங்கள் எல்லாரும் சொல்வதைப் படித்தால் ஆறுதலாக இருக்கிறது, ஆனால் எனக்கு உள்ளுக்குள் பயம். என் மகனுக்கு 2 வயது முடிந்துவிட்டது. பக்கத்தில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தாலும் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. வண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சில நேரம்தான் திரும்புகிறான். முன்பு "அம்மா", "பால்" என்று சொன்னான், இப்போது சொல்வதில்லை. சொந்தக்காரர்கள் "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்கிறார்கள். இதுவும் அந்த இணை விளையாட்டுத்தானா?

புதூர் பேச்சுப் பயிற்சியாளர்:

எழுதியது நல்லது அக்கா. நேரடியாகவே சொல்கிறேன், இதை விட்டுப் பார்க்க வேண்டாம்.

தெப்பக்குளத்துப் பாப்பா பேசாவிட்டாலும் பக்கத்துப் பையனைப் பார்த்துச் செய்கிறாள், அவன் எழுந்தால் அவள் கை நிற்கிறது. அவன் அங்கே இருப்பது அவளுக்கு முக்கியம். உங்கள் மகனிடம் அந்தக் கவனிப்பு தெரியவில்லை என்கிறீர்கள். அதைவிட முக்கியமானது, வந்த பேச்சு போய்விட்டது என்பது. எந்த வயதிலும் இருந்த சொல் மறைந்தால் உடனே காட்ட வேண்டும். 12 மாதத்தில் பெயருக்குத் திரும்புவது, 18 மாதத்தில் வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவது, 24 மாதத்தில் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல் சேர்ப்பது, இவை வராவிட்டாலும் அப்படித்தான். ஆண்பிள்ளை லேட்டாகத்தான் பேசும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதலில் காது கேட்கிறதா என்ற பரிசோதனை. அதோடு குழந்தை மருத்துவரிடம் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு ஆட்டிசத்தின் அறிகுறி தெரிகிறதா என்று பார்க்க எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது. வீட்டில் நீங்கள் பார்ப்பதைத்தான் அதில் கேட்பார்கள். அது நோயின் பெயரைச் சொல்லாது, மேலே பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிகளுக்கு வருகிறது. உங்கள் பகுதி பால்வாடியில் கேட்டால் தேதி சொல்வார்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கும் அவர்களே எழுதிக் கொடுப்பார்கள், செலவு கிடையாது. ஆனால் குழு வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எதுவும் இல்லை என்றால் நிம்மதி. ஏதாவது இருந்தால், இந்த வயதில் ஆரம்பிக்கிற பயிற்சிக்கு நல்ல பலன் உண்டு.

அப்புறம் ஒன்று: இது உங்கள் வளர்ப்பால் வந்ததில்லை. யார் சொன்னாலும் அதைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

விளாங்குடி:

நன்றி. நாளைக்கே காது பரிசோதனைக்கு நேரம் கேட்கிறேன். என் கணவரிடமும் இதை அப்படியே படித்துக் காட்டினேன், அவரும் வருகிறார்.

தெப்பக்குளத்து அம்மா:

எல்லாருக்கும் நன்றி. விளாங்குடி அக்கா, என்ன சொன்னார்கள் என்று வந்து எழுதுங்கள், காத்திருப்போம்.

டீச்சரம்மா சொன்ன மாதிரி மணலில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் கவனிக்காத ஒன்றை அவர்தான் கண்டுபிடித்தார். அந்தப் பையன் ஒரு நாள் மணலுக்கு வராமல் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டான். இவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அவனுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்துகொண்டாள். "இது மண்ணுக்காகப் போகல, பிள்ளைக்காகத்தான் போகுது" என்றார் அத்தை. கையைப் பிடித்துத் தள்ள வருகிறவர்களை இப்போது அவரே தடுத்துவிடுகிறார்.

தாத்தா சொன்னதற்காக ஞாயிற்றுக்கிழமை ராஜாஜி பூங்காவுக்கும் போனோம். எல்லா வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆனால் சீக்கிரம் போய்விட்டோம், வெயிலில் சறுக்குத் தகடு தொட முடியாத சூடு. 5 மணிக்கு மேல் போவதுதான் சரி.

டீச்சரம்மா, ஜூனில் இவளைப் பக்கத்துப் பால்வாடியில் விடலாம் என்று இருக்கிறோம். முதல் வாரம் எப்படி வைத்துக்கொள்வது?

மேலூர்ப் பக்கத்து பால்வாடி டீச்சர்:

முதல் சில நாள் நீங்களும் உள்ளே உட்காருங்கள் தங்கச்சி. எந்த டீச்சரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சுவரோரம் அவள் எங்கே உட்கார்ந்தாலும் அங்கேயே விடுங்கள். வீட்டு டம்ளர் ஒன்று பையில் இருக்கட்டும், கைக்குப் பழகியது. கிளம்பும்போது அவள் வேறு பக்கம் பார்க்கும் நேரம் பார்த்து நழுவாதீர்கள், நிறையப் பேர் அதைத்தான் செய்கிறார்கள். அப்புறம் அந்தப் பிள்ளை விளையாடாமல் வாசலையே காவல் காக்கும். "அம்மா போயிட்டு, சோறு சாப்பிட்டதும் வருவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழுவாள், அழட்டும், நாங்கள் தூக்கிக்கொள்வோம். சொன்ன நேரத்துக்கு மட்டும் வந்துவிடுங்கள்.